ரோப் வேலையில் பேமானி என்றால் யார்

பேமானி என்ற சொல்லை என் வேலைக் காலத்தில் ஒரே ஒரு முறைதான் ஒருவன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். அதுவும் தப்பான ஆளைப் பார்த்து.

நான் கடைசியாக வேலை பார்த்த பெங்களூர் லிஃப்ட் கம்பெனியில் எங்கள் தங்கச் சுரங்க ஊர் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் மெக்கானிக்குகளாக இருக்கிறார்கள். எல்லாரும் காலை ரயிலில் ஒரே பெட்டியில் போகிறவர்கள். அவர்கள் தங்களுக்குள் ஒரு வாட்ஸாப் குழு வைத்துக்கொண்டு அதற்குப் ‘பேமானிகள் சங்கம்’ என்று பெயர் போட்டிருக்கிறார்கள். போன மாதம் மரியாதைக்கு என்னையும் சேர்த்தார்கள். பெயரைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் அவர்களில் ஒருவனிடமிருந்து போன்.

“அங்கிள், இன்னா கோவம்? யாராவது தப்பா மெசேஜ் போட்டானா?”

“பேரை மாத்துங்க, வரேன்.”

“ஜோக்குதானே அங்கிள். பக்கத்துல இருக்கிற இவன் தினம் என் டிபன் பாக்ஸைத் தின்னுட்றான், பேமானின்னு கூப்பிடாம வேற எப்படிக் கூப்பிடறது?”

போனில் சொல்லி முடியாது என்றேன். அப்படியென்றால் எழுதித் தாருங்கள், எங்கள் ஆண்டு மலரில் போடுகிறோம் என்றார்கள். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் எழுத்தில் தப்பிருந்தால் அச்சுக் கோக்கிறவர்கள் சரிசெய்யட்டும். விஷயத்தில் தப்பிருக்காது. அதற்கு நான் பொறுப்பு.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பயந்தவன். வீட்டைப் பூட்டிவிட்டு ஊரிகம் ஸ்டேஷன் வரை வந்தபின் பூட்டை இழுத்துப் பார்த்தேனா என்ற சந்தேகம் வந்து திரும்பிப் போவேன். கேஸ் அடுப்பை மூன்று முறை தொட்டுப் பார்ப்பேன். என் மனைவி மேரி இதை வியாதி என்கிறாள். வியாதியாகவே இருக்கட்டும். ரோப் வேலைக்கு இந்த வியாதிதான் வேண்டும். இருபது வருஷம் தங்கச் சுரங்கத்திலும் அதற்குப் பிறகு லிஃப்டிலும் நான் பார்த்து அனுப்பிய எந்தக் கயிறும் ஒரு ஆளைக் கீழே போட்டதில்லை. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் அது எல்லார் வாயிலும் புழங்கியது. கருவாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய பூனை பேமானி. சீட்டாட்டத்தில் துருப்பை மறைத்தவன் பேமானி. ஆண்டர்சன்பேட்டைக் கடையில் அழுகின தக்காளியை அடியில் போட்டுக் கொடுத்தவன் பேமானி. மாமியார்கள் மருமகன்களை அப்படிச் சொல்லிவிட்டு அவர்களுக்கே கறி அள்ளி வைத்தார்கள். சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் இந்தச் சொல் காதில் விழாமல் ஒரு காலை காபி குடித்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனால் ஷாஃப்ட் வாயில், அதாவது ஆட்களை ஏற்றிய கேஜ் என்கிற இரும்புக் கூண்டு பூமிக்குள் இறங்குகிற அந்த இடத்தில், யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். மற்ற எல்லாக் கெட்ட வார்த்தையும் அங்கே உண்டு. தாயை இழுப்பார்கள், தாத்தாவை இழுப்பார்கள், சிரித்துக்கொண்டே பீடியும் பற்றவைத்துக் கொடுப்பார்கள். இந்த ஒன்று மட்டும் கிடையாது.

நான் சேர்ந்த புதிதில், கேஜ் கதவையும் பெல்லையும் கவனித்துக்கொண்டிருந்த காதர் பாயிடம் ஏன் என்று கேட்டேன்.

“அது எங்க பாஷையிலேர்ந்து வந்தது தம்பி. ஈமான்னா மனசுல இருக்கிற சத்தியம். அது இல்லாதவன் பே-ஈமான். அரே, ஊருக்குள்ள பூனையைக்கூட சொல்றானுங்க. பூனை என்னிக்கு சத்தியம் பண்ணிச்சு? மீன் திங்க மாட்டேன்னு உன்கிட்ட வந்து சொல்லிச்சா?”

“அப்போ இங்க யாரைச் சொல்லுவாங்க?”

“பார்க்காம பார்த்தேன்னு சொல்றவனை. அவனை மட்டும்தான்.”

எனக்கு அது உடனே புரியவில்லை. ரோப் கோஷ்டியில் ஒரு வருஷம் நின்றபின் புரிந்தது.

ரோப் என்றால் கேஜைத் தூக்கி இறக்குகிற இரும்புக் கயிறு. ஒரு ஆள் மணிக்கட்டு அளவு தடிமன். எஞ்சின் ரூமில் பெரிய உருளையில் சுற்றியிருக்கும். அங்கிருந்து உயரத்தில் இருக்கும் சக்கரத்தின் மேல் ஏறி, ஷாஃப்டுக்குள் நேராக இறங்கும். அதன் நுனியில் கேஜ். பகல் ஷிப்ட் இறங்குவதற்கு முன்னால் தினமும் அந்தக் கயிற்றைப் பார்க்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை.

கேஜைக் காலியாகக் கீழே அனுப்பிவிட்டு மெதுவாக மேலே இழுப்பார்கள். ரோப் எங்கள் கண்ணுக்கு முன்னால் மேல்நோக்கி ஊர்ந்து போகும். இரண்டு பேர் எதிரெதிரே நிற்போம். ஒருவனுக்குக் கிழக்குப் பக்கம், ஒருவனுக்கு மேற்குப் பக்கம். கையில் ஒரு கொத்துப் பஞ்சு நூல். அதை ரோப்பின் நம் பாதியில் வைத்துப் பிடிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தையில் நடப்போமே, அந்த அளவு. உள்ளே ஒரு கம்பி அறுந்து முனை நீட்டிக்கொண்டிருந்தால் பஞ்சு அதில் மாட்டும். “நில்!” என்று கத்துவோம். காதர் பாய் பெல் அடிப்பார். எஞ்சின் ஓட்டுகிறவர் நிறுத்துவார். மண்ணெண்ணெய் போட்டுக் கிரீஸைத் துடைத்து, எத்தனை கம்பி, புது அறுப்பா பழைய அறுப்பா என்று பார்ப்போம். புது அறுப்பு பளபளவென்று இருக்கும். எங்கள் ஷாஃப்டில் எப்போதும் தண்ணீர் சொட்டும், இரண்டு நாளில் முனை கறுத்துவிடும். பார்த்த இடத்தில் வெள்ளைப் பெயிண்ட் வைப்போம். கிழக்கென்றால் ஒரு கோடு, மேற்கென்றால் இரண்டு கோடு.

எங்கள் மேஸ்திரி வேலாயுதம். ஒல்லியான மனிதர், காக்கி அரைக் கோட்டின் மேல் பொத்தானைக்கூடக் கழற்ற மாட்டார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நூறு அடிக்கு ஒருதரம் ரோப்பை நிறுத்தச் சொல்வார். நிறுத்தியதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, உயரத்தில் இருக்கும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார்:

“முனிரத்தினம், பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“ஞானம், பார்த்தியா?”

முனிரத்தினம் எனக்கு எதிரே நிற்பவன், ஞானம் நான். முழுப் பெயர் ஞானப்பிரகாசம். ஒருவனுக்காக இன்னொருவன் பதில் சொல்லக்கூடாது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பதிலும் கூடாது. தும்மல் வந்தது, கண்ணில் தூசு விழுந்தது, மனசு எங்கோ போய்விட்டது, எதுவானாலும் “பார்க்கல” என்றால் போதும். காரணம் கேட்க மாட்டார். ரோப்பை அந்த நூறு அடி திரும்ப இறக்கச் சொல்வார். இருபது வருஷத்தில் பார்க்கல என்று சொன்ன ஒருவனையும் அவர் திட்டிப் பார்த்ததில்லை.

ஏன் மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கிறீங்க என்று ஒருநாள் முனிரத்தினம் கேட்டான். அவனுக்குத்தான் அப்படியெல்லாம் கேட்க வாய் வரும்.

“மூஞ்சைப் பார்த்துக் கேட்டா, எனக்குப் பிடிச்ச பதிலைச் சொல்லுவே. எனக்கு அது வேணாம்” என்றார்.

எல்லா நூறு அடியும் முடிந்தபின் மேஸ்திரியும் நாங்கள் இருவரும்தான் முதல் கேஜில் இறங்கி ஏறுவோம். அதற்குப் பிறகுதான் ஷிப்ட் ஆட்கள். பார்த்தேன் என்று சொன்னவன் அந்தச் சொல்லின் மேல் ஏறி நின்று காட்ட வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒருவன் பார்க்காமல் பார்த்தேன் என்றால் அவன்தான் பேமானி. வேறு யாருக்கும் அந்தப் பெயர் கிடையாது. பெரிய குடிகாரன், பெண்டாட்டியை அடிக்கிறவன், சங்கத்தைக் காட்டிக்கொடுத்தவன், இவர்களுக்கெல்லாம் வேறு வேறு பெயர் இருந்தது. இந்தப் பெயர் ஒருவன்மேல் விழுந்தால் அவன் அன்றோடு ரோப்பைத் தொடக்கூடாது. அவன் பார்த்த ரோப்பில் ஷிப்ட் ஏறாது. சொன்னவன் தவறாகச் சொல்லிவிட்டால் அதைத் திரும்ப எடுக்கலாம். ஆனால் சொன்ன இடத்திலேயே, கேட்ட ஆட்களுக்கு முன்னாலேயே, அந்த வாரம் சனிக்கிழமைக்குள் எடுக்க வேண்டும். தாண்டிவிட்டால் பெயர் நின்றுவிடும். அவனை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. துரைகள் காலத்திலிருந்து ஆட்களே வைத்துக்கொண்ட வழக்கம் என்றார்கள்.

முனிரத்தினம் எங்கள் லைனில் இரண்டு வீடு தள்ளி இருந்தான். பன்னிரண்டு வருஷம் எனக்கு எதிரே நின்றவன். வேலை நேரத்தில் அவனுக்கு வாய் மூடாது, ஆனால் கை தூங்காது. எனக்கு நேர்மாறு. நான் பேச மாட்டேன், சந்தேகம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது பார்க்கல என்பேன். ஷாஃப்ட் வாயில் வரிசை கட்டி நிற்கிற ஆட்களுக்கு அது பெரிய வேடிக்கை.

“டேய் பார்க்கல! உன் பொண்டாட்டி மூஞ்சையாவது பார்த்துத்தான் தாலி கட்டினியா?”

“அதையும் ரெண்டு தபா திருப்பிப் பார்த்திருப்பான்டா!”

நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்தேன் என்றுதான் அவர்களுக்குத் தெரியும்.

அந்த வாரத்தைச் சொல்கிறேன். ஒரு திங்கட்கிழமை காலை. திங்கள்தோறும் நாங்கள் பக்கம் மாறிக்கொள்வோம். போன வாரம் நான் கிழக்கு, அவன் மேற்கு. இந்த வாரம் நான் மேற்கு. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, ரோப்பின் நுனியில் தேய்ந்த சில அடிகளை வெட்டிவிட்டுக் கேஜைப் புதிதாகப் பூட்டியிருந்தோம். அது அவ்வப்போது செய்கிற வேலைதான்.

கடைசி நூறு அடி. கேஜ் மேலே வந்துகொண்டிருந்தது. ஷிப்ட் ஆட்கள் எண்பது பேருக்குமேல் வரிசையில் நின்றார்கள். என் தம்பியும் அதில் இருந்தான். என் பஞ்சு மாட்டியது. “நில்!” என்றேன். துடைத்தேன். ஒரு கம்பி இல்லை, மூன்று. விரல் அகலத்துக்குள் மூன்றும் அறுந்திருந்தன. முனை மூன்றும் கறுப்பு.

கறுப்பு என்றால் இன்று அறுந்ததல்ல. சனிக்கிழமையே அறுந்திருக்க வேண்டும். சனிக்கிழமை இந்த மேற்குப் பக்கத்தில் நின்றவன் முனிரத்தினம். பார்த்தேன் என்று சொன்னான், நான் என் காதால் கேட்டேன். அன்று இந்த ரோப்பில்தான் என் தம்பி இறங்கினான்.

பயந்தவனுக்குக் கோபம் வந்தால் கோபத்தைவிடப் பயம்தான் முதலில் பேசும்.

“பேமானி!” என்று கத்தினேன். “சனிக்கிழமை இன்னாடா பார்த்தே நீ?”

மேஸ்திரி அப்போதுதான் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“யாரைச் சொன்னே?”

“முனிரத்தினத்தை.”

முனிரத்தினம் கையிலிருந்த பஞ்சை மடித்து ரோப்புக்குப் பக்கத்தில் வைத்தான். “நான் பார்த்தேன், ஞானம்” என்றான். அவ்வளவுதான். மேஸ்திரி மர யார்டு இருக்கும் பக்கம் தலையை அசைத்தார். அவன் நடந்து போனான். வாய் மூடாதவன் அந்த வாரம் முழுக்க யாரிடமும் பேசவில்லை.

எஞ்சினியர் வந்து அளந்தார். அந்த இடத்துக்கு மேலே வரை ரோப்பை மறுபடி வெட்டிப் பூட்டினார்கள். அன்று ஷிப்ட் வேறு ஷாஃப்ட் வழியாக இறங்கியது. ஆட்கள் என் தோளைத் தட்டினார்கள். “இனிமே உன்னை எவனாவது கிண்டல் பண்ணா சொல்லு” என்றான் ஒருவன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மர யார்டில் முனிரத்தினம் கட்டை அடுக்கினான். அங்கே அவனோடு ஒரு கட்டையின் மறுமுனையைத் தூக்க யாரும் வரவில்லை. இரண்டு ஆள் கட்டையை ஒற்றை ஆளாக இழுத்துப் போட்டான். தண்ணீர்க் குழாயில் அவன் மனைவி சரோஜாவுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு நின்றார்கள். மேரிதான் வந்து சொன்னாள். “அவ குடத்தை வெச்சா, முன்னாடி நின்னவ தன் குடத்தை எடுத்துக்கினு போய்ட்டா. நீ சரியாத்தான் பார்த்தியா?”

“கறுப்பு முனைடி. நான் பொய்யா சொல்றேன்?”

வியாழக்கிழமைதான் ரோப் முழுக்கக் கிரீஸைத் துடைத்துப் பார்க்கும் நாள். முனிரத்தினம் இடத்தில் மேஸ்திரியே நின்றார். பாதி ரோப் போனபின் என் கைக்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடு வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் நானே வைத்த அடையாளம். பழைய ஒற்றைக் கம்பி அறுப்பு, ஆபத்தில்லாதது. ஒரு கோடு. ஒரு கோடு என்றால் கிழக்கு. நான் நின்றதோ மேற்கில்.

பெயிண்டைத் தப்பாக வைத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த அடையாளமும் வந்தது. அதுவும் ஒரு கோடு. அதற்கடுத்தது மேஸ்திரி பக்கம் போனது. எட்டிப் பார்த்தேன். இரண்டு கோடு.

அப்போது புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கேஜைக் கழற்றியதும் பளு இல்லாத ரோப் தன் முறுக்கில் திரும்பியிருக்கிறது. அரைச் சுற்று. திங்கட்கிழமை மறுபடி வெட்டியபோது எஞ்சினியர் அதைத் திரும்பவிடாமல் கட்டிவைத்துத்தான் வெட்டினார். அது திரும்பும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். வெட்டிப் பூட்டியபின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பதும் தெரியும். நுனியை மட்டும் பார்த்துவிட்டு மறந்துபோனோம். இப்போது மேற்காக இருப்பது போன வாரம் கிழக்கு. அந்த மூன்று கம்பியும் சனிக்கிழமை என் கைக்குக் கீழே போயிருக்கிறது.

அந்த நூறு அடி நின்றதும் மேஸ்திரி கேட்டார். “பார்த்தியா?”

“பார்த்தேன்” என்றேன். ரோப்பைப் பார்த்தது நிஜம். பார்த்ததில் தெரிந்ததைச் சொல்லவில்லை.

வியாழன் இரவும் வெள்ளியும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வார்த்தையைத் திரும்ப எடுத்தால் அது எங்கே போய் உட்காரும்? என் மேல்தான். ஏழாவது படித்த எனக்கு அந்த ரோப்பைத் தவிர வேறு எதுவும் தெரியாது. பாறையை உடைக்கிற வேலைக்கு அனுப்பினால் ஒரு வாரம் தாங்க மாட்டேன். பேசாமல் இருந்தால் சனிக்கிழமை தாண்டிவிடும். அடையாளத்தை மேஸ்திரியே கவனிக்கவில்லை. கிரீஸ் போட்டாயிற்று. நானே ஒருநாள் பெயிண்டை மாற்றி வைத்துவிடலாம். இவ்வளவு தூரம் யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேரியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

“நாளைக்கு சலவைச் சட்டை போட்டுக்கினு போ” என்றாள்.

“எதுக்கு?”

“அழுக்குச் சட்டையில போய் இதைச் சொன்னா, குடிச்சிட்டு வந்து உளர்றான்னு சொல்லுவாங்க. அப்புறம் அவனுக்கும் பிரயோஜனம் இல்ல, உனக்கும் பிரயோஜனம் இல்ல.”

சனிக்கிழமை காலை ரோப்பைத் தொடுவதற்கு முன்னால் மேஸ்திரியிடம் போய், முனிரத்தினம் விஷயமாக ஒன்று சொல்லணும் என்றேன். ஷிப்ட் ஆட்கள் வரும்வரை காத்திருக்கச் சொன்னார். முனிரத்தினத்தை அழைத்து வரக் காதர் பாயை அனுப்பினார். எதற்கென்று என்னைக் கேட்கவில்லை. வரிசை சேர்ந்தது. முனிரத்தினம் வந்து தள்ளி நின்றான். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தான், கட்டை கிழித்திருக்கும்.

“திங்கக்கிழமை இந்த இடத்துல முனிரத்தினத்தைச் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கறேன்” என்றேன்.

“எடுத்து எங்க வெக்கப் போற?” என்றார் மேஸ்திரி. அதுவும் வழக்கம்தான். சும்மா எடுத்துக்கொண்டு போக முடியாது.

ரோப் திரும்பியதைச் சொன்னேன். அடையாளக் கோடுகளைச் சொன்னேன். “போன சனிக்கிழமை அது என் பக்கம்தான். தூறல் போட்டுது, கண்ணுல தண்ணி. அதனால சரியாத் தெரியல” என்றேன்.

வரிசையில் சிலர் தலையை ஆட்டினார்கள். தூறல் யாருக்கும் வரும். அப்படியே விட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

“போன சனிக்கிழமை தூறல் இல்ல, ஞானம்” என்றான் முனிரத்தினம். கோபமாகச் சொல்லவில்லை. “வெயில் அடிச்சிது. சாயந்திரம் ஃபுட்பால் மாட்ச் இருந்திச்சு. கிரவுண்டு காஞ்சு கிடந்திச்சு.”

இந்த இடத்தில்தான் எழுதுவதை இரண்டு நாள் நிறுத்தி வைத்திருந்தேன்.

அவன் சொன்னதுதான் சரி. வெயில்தான். அன்று மாட்ச் இருந்ததால் ஆட்களுக்கு அவசரம். நான் ஏற்கெனவே இரண்டு முறை பார்க்கல என்று சொல்லி ரோப்பைத் திருப்ப வைத்திருந்தேன். வரிசையில் விசில் அடித்தார்கள். கடைசி நூறு அடியில் ஒரு நொடி அவர்கள் பக்கம் திரும்பிவிட்டேன். பஞ்சு கையில் இருந்தது, கவனம் இல்லை. மேஸ்திரி கேட்டபோது மூன்றாவது முறையும் சிரிப்பார்களே என்று பார்த்தேன் என்றேன். என் தம்பியும் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு நாள். தூறலை எப்போது சேர்த்தேன் என்று எனக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை இரவுக்குள் அது நிஜமாகவே பெய்ததாக ஆகியிருந்தது.

“தூறல் இல்ல” என்றேன். “நான் பார்க்கல. இவங்க சிரிப்பாங்கன்னு பார்த்தேன்னு சொன்னேன்.”

என் தம்பி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். இத்தனை நாள் விசில் அடித்தவர்களும் குனிந்துகொண்டார்கள்.

“ரோப் திரும்பினதைக் கவனிக்காதது என் தப்பு. அதை எஞ்சினியர்கிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றார் மேஸ்திரி. பிறகு முனிரத்தினத்திடம் திரும்பினார். “இவனை இன்னா பண்ணலாம்? அந்தப் பேரை இவன்மேல வெக்கறதா வேணாமான்னு நீ சொல்றதுதான்.”

அவன் என் சலவைச் சட்டையைப் பார்த்தான். “இவன் எதிர்ல நின்னே நான் ரோப் பார்ப்பேன். ஆனா இவன் பக்கத்தையும் நானே பார்ப்பேன். இவனைக் கேக்காதீங்க.”

அப்படித்தான் நடந்தது. என் வேலை போகவில்லை. தினமும் வந்தேன், பஞ்சைப் பிடித்தேன், கம்பி மாட்டினால் நில் என்றேன். ஆனால் ஒவ்வொரு நூறு அடியும் இரண்டு முறை ஓடியது. முதல் முறை முனிரத்தினம் தன் பக்கத்தில் நின்று பார்ப்பான். இரண்டாம் முறை சுற்றி வந்து என் பக்கம் பார்ப்பான். அதற்காக நாங்கள் முன்னதாகவே வர வேண்டியிருந்தது. மேஸ்திரி சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு, “முனிரத்தினம், ரெண்டு பக்கமும் பார்த்தியா?” என்று மட்டும் கேட்பார். என் பெயர் வராது. யாரும் கிண்டலும் செய்யவில்லை. முதல் கேஜில் நானும் இறங்கினேன். அது என் சொல்லின்மேல் இறங்கியதல்ல, அவன் சொல்லின்மேல்.

பிள்ளைகளே, உங்கள் போனில் இப்போது ஒரு பட்டியல் வருகிறது. கயிறு, பிரேக், கதவு என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம். விரலால் தொட்டால் பச்சையாகிவிடும். ‘பார்க்கவில்லை’ என்று போட அதில் கட்டமே இல்லை என்று நீங்களே சொன்னீர்கள். நான் லிஃப்டில் இருந்த கடைசி வருஷம் அது வந்தது. ஒரு அபார்ட்மென்டில், நேரமாகிவிட்டது, கட்டத்தைப் பச்சையாக்கிவிட்டுக் கிளம்புங்கள் என்றார் அங்கிருந்த செக்ரட்டரி. கயிற்றைப் பார்க்கவில்லை, பார்த்துவிட்டுத் தொடுகிறேன் என்றேன். அவர் கம்பெனிக்குப் போன் போட்டுப் புகார் சொன்னார். சொல்லட்டும் என்று மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். கயிறு நன்றாகத்தான் இருந்தது. ஏழு மாதம் என்னை யாரும் கேட்காமல் நின்ற அனுபவம் எனக்கிருந்தது. செக்ரட்டரிக்கு அது கிடையாது.

ஏழு மாதம் என்று இப்போதுதான் சொல்கிறேன். அப்போது அதற்கு முடிவு உண்டென்று எனக்குத் தெரியாது.

ஒருநாள் காலை, ஆறாவதோ ஏழாவதோ நூறு அடி. ரோப் நின்றது. முனிரத்தினம் வழக்கம்போலச் சுற்றி என் பக்கம் வரவில்லை. தன் இடத்திலேயே நின்றான், இரண்டாம் முறை ஓட்டச் சொல்லவும் இல்லை. மேஸ்திரி சக்கரத்தைப் பார்த்தபடி கேட்டார்.

“முனிரத்தினம், ரெண்டு பக்கமும் பார்த்தியா?”

“என் பக்கம் பார்த்தேன். அவன் பக்கத்தை அவனைக் கேளுங்க.”

மேஸ்திரி சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காதர் பாய் பெல் கயிற்றில் கை வைத்தபடி என்னையே பார்த்தார். வரிசையில் அப்போதே பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

“ஞானம், பார்த்தியா?”

அன்று நான் பார்த்திருந்தேன். முழுக்க, ஒரு விரல் விடாமல் பார்த்திருந்தேன். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கேள்வி வந்ததும், என்னைக் கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்து பார்த்தது வேறு, தெரியாமல் பார்த்தது வேறு என்று பட்டது.

“இன்னொரு தபா ஓட்டச் சொல்லுங்க மேஸ்திரி” என்றேன். “பார்த்துட்டு சொல்றேன்.”

முனிரத்தினம் பஞ்சை உதறிக்கொண்டு சிரித்தான். காதர் பாய் பெல் அடித்தார். நூறு அடி கீழே போய்த் திரும்ப மேலே ஏறியது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நூறு அடியையும் மூன்று தடவை ஓட்டச் சொன்னேன்; அன்று ஷிப்ட் பத்து நிமிஷம் தாமதமாக இறங்கியது.